ஒருகை பாவிச்ச துவக்கு

லைசென்ஸ் சரி தம்பி. குறை நினைக்காதேங்கோ, தெரிஞ்ச பிள்ளையெண்டாலும் கேக்கத்தான் வேணும், இஞ்சத்தைச் சட்டம் அப்பிடி. உதில இருங்கோ. மனுசி தேத்தண்ணி கொண்டருவா.

இதுதான் சாமான். பயப்பிடாமல் தூக்கிப் பாருங்கோ. உள்ளுக்க ஒண்டுமில்லை, உங்களுக்கு முன்னாலதானே திறந்து காட்டினனான். விசைக்குக் கீழ இருக்கிற இந்த வளையத்தைக் கீழ தள்ளிப்போட்டு மேல இழுத்தால், சுட்ட வெறுங்கோது வெளியால விழும், அடுத்த தோட்டா உள்ளுக்க ஏறும். கவ்போய் படத்தில பாத்திருப்பியள். ஆனால் இது பழங்காலத்துச் சாமானில்லை. குழல் துருப்பிடியாத உருக்கு. பிடி ஒட்டுப்பலகை, மழையில கிடந்தாலும் ஊதாது. ஆறு வருசமா என்னட்டைத்தான் இருக்கு, வேற கை மாறேல்லை. மொத்தம் நூறு வெடி போயிருந்தால் பெரிய காரியம். பிடியில இந்தக் கீறல் ஒண்டுதான் குறை, அது ட்ரக் கதவில தட்டுப்பட்டது. விளம்பரத்திலயும் எழுதியிருக்கிறன். ஒளிக்கேல்லை.

நேற்றுப் போனில ஒண்டு கேட்டியள். நான் அந்த நாளையில இயக்கத்தில இருந்தனானாம், அது மெய்யோ எண்டு. அப்பிடியான ஒருத்தரின்ர கையில இருந்த துவக்கெண்டால் போட்ட விலைக்கு மேல நூறு டொலர் தரலாம் எண்டும் சொன்னியள். நான் மறுமொழி சொல்லேல்லை. நேர வாங்கோ, கதைப்பம் எண்டனான். உதுதான் தம்பி என்ர வருத்தம். கேட்ட உடனை இல்லையெண்டு சொல்ல எனக்கு வாய் வராது.

நான் இயக்கத்தில இருக்கேல்லை. ஒரு இயக்கத்திலயும் இருக்கேல்லை. சித்தங்கேணியில சங்கக்கடையில மாவும் சீனியும் நிறுத்துக் குடுத்துக்கொண்டு இருந்தனான். எண்பத்தஞ்சில என்ர வயசுப் பெடியள் ஒவ்வொருத்தரா வீட்டை விட்டுப் போகத் துவங்க, அப்பா ஒரு துண்டுக் காணியை வித்து ஏஜென்சிக்காரனிட்டைக் குடுத்து என்னை வெளிநாட்டுக்கு ஏத்தி விட்டார். எனக்கு அப்ப இருபத்து மூண்டு வயசு. கொழும்புக்குப் போற வழியெல்லாம், பிளேன் ஏறுமட்டும், எனக்கு வயித்தால போனது. அவ்வளவு பயம். அந்த நூறு டொலர் எனக்கு வேண்டாம். போட்ட விலை காணும்.

நில்லுங்கோ, எழும்பாதேங்கோ. ஏன் விக்கிறன் எண்டும் கேட்டனீங்கள் எல்லே. அதையும் சொல்லிறன்.

இந்த ஊருக்கு வந்து மரமில்லில சேந்து இருபது வருசத்துக்கு மேல. என்ர பேர் கதிர்காமநாதன். மில்லில ஒருத்தருக்கும் அது வாயில நுழையாது. நாதன் எண்டு சொன்னன், அவையள் அதை நேதன் ஆக்கிப்போட்டினம். சரி, பேர் போனால் போகட்டும். ஆனால் ஆளையும் ஒருத்தரும் கவனிக்கிறேல்லை. சாப்பாட்டு அறையில மூலை மேசை என்ர. பதினேழு வருசம் அந்த மூலையில தனியத்தான் இருந்து சாப்பிட்டனான். சண்டையில்லை, பகையில்லை. குளிர்ப்பெட்டியைப் போல அங்கை ஒரு மூலையில நானும்.

பேந்து ரெண்டாயிரத்து ஒன்பதாம் ஆண்டு வந்தது. அந்தச் சித்திரை, வைகாசி. சாப்பாட்டு அறையில ஒரு டிவி இருக்கு, அதில எந்த நாளும் எங்கட சனத்தைக் காட்டிக்கொண்டிருந்தான். எங்களுக்கு மேலாளா டேல் எண்டு ஒருத்தர், பெரிய உடம்பு, நரைச்ச தாடி. அவர் ஒரு நாள் என்ர மேசைக்கு வந்து நிண்டு, அது உன்ர நாடெல்லோ, நீயும் அங்கை சண்டை பிடிச்சனியோ எண்டு கேட்டார்.

என்ர வாய்க்குள்ள பாண். டிவியில ஒரு தாய், பிள்ளையைத் தோளில போட்டுக்கொண்டு தண்ணிக்குள்ளால நடக்கிறா. நான் குனிஞ்சு நிலத்தைப் பாத்தன். ஏன் குனிஞ்சனான் தெரியுமோ? வெக்கத்தில. அந்தச் சனத்தை விட்டிட்டு வயித்தைப் பிடிச்சுக்கொண்டு ஓடி வந்தவன் நான். அந்த வெக்கம். ஆனால் டேல் அதை வேறமாதிரி விளங்கிக்கொண்டார். ஒரு பெரிய கையை என்ர தோளில வைச்சு, சரி, சொல்லத் தேவையில்லை எண்டு சொல்லிப்போட்டுப் போனார்.

அந்தக் கையை நான் தட்டிவிட்டிருக்கலாம். இல்லை, நான் சங்கக்கடையில வேலை செய்தவன் எண்டு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாம். ரெண்டும் செய்யேல்லை. ஆனால் ஒண்டை நீங்கள் கவனிக்க வேணும். நான் பொய் சொல்லேல்லை. பேசாமல் இருந்தனான். அவ்வளவுதான்.

அடுத்த கிழமை என்ர மேசைக்கு ரெண்டு பேர் சாப்பாட்டோட வந்து இருந்தினம். அதுக்கடுத்த கிழமை நாலு பேர். கோப்பி வாங்கப் போனால் எனக்கும் சேத்து வாங்கி வருகினம். பாரம் தூக்கேக்கை முன்னுக்கு விடுகினம், வழியில கண்டால் தலையை ஆட்டுகினம். பதினேழு வருசம் இல்லாத மரியாதை. தம்பி, அது நல்லா இருந்தது. நல்லா இல்லையெண்டு சொன்னால் அது பொய். ஆரும் அதைப் பற்றிக் கேட்டால் நான் யன்னலுக்கு வெளியால பாப்பன். அது போதும், மிச்சத்தை அவையளே நினைச்சுக்கொள்ளுவினம்.

இந்தத் துவக்கு வந்தது அப்பிடித்தான். இலையுதிர்காலத்தில மில்லில முக்கால்வாசிப் பேர் மான் வேட்டைக்குப் போவினம். நீயும் வா எண்டு டேல் கேட்டார். படிப்புப் படிச்சு, சோதினை எழுதி லைசென்ஸ் எடுத்தன். கடைக்கு அவர்தான் கூட்டிக்கொண்டு போனார். கடைக்காரன் நாலைஞ்சு துவக்கை எடுத்துக் காட்டினான். இதைக் கையில எடுத்து அந்த வளையத்தை ஒருக்கா இழுத்து விட்டன். அந்தச் சத்தம் இருக்கே, அது எனக்குப் பிடிச்சுப்போச்சு. கண்ணாடியில பாத்தன், நிக்கிறது ஆரெண்டே தெரியேல்லை. அதுதான் வாங்கினன்.

ஒரு சனிக்கிழமை ஊருக்கு வெளியால கல்லுடைச்சு விட்ட பழைய கல்லுக்கிடங்குக்குப் போய்ச் சுட்டுப் பாத்தம். அஞ்சு தகரத்தை வரிசையா வைச்சினம். நான் பத்து வெடி வைச்சன். ஒரு தகரம் கூட அசையேல்லை. ஒரு பெடியன் சிரிச்சான். டேல் அவனைத் திரும்பிப் பாத்தார், சிரிப்பு நிண்டிட்டுது. பிறகு அவர் தகரங்களைப் பொறுக்கிப் பையில போட்டார்.

அந்த முறை காட்டில ஒரு மான் எனக்கு நேர வந்து நிண்டது. அறுபது அடி இருக்காது. விசையில விரல் வைச்சன், அமத்தேல்லை. மான் போனபிறகு டேல் ஏனெண்டு கேட்டார். பயத்தைச் சொல்ல வெக்கமாயிருந்தது. நான் வேண்டியமட்டும் ரத்தம் பாத்திட்டன் எண்டு சொன்னன்.

அது ஒண்டு சொன்னனான். ஓம். வாயால சொன்னது அது ஒண்டுதான்.

தேத்தண்ணி வந்திட்டுது, எடுங்கோ. சீனி காணாட்டிச் சொல்லுங்கோ.

மனுசிக்கு எல்லாம் தெரியும். இவவும் சித்தங்கேணிதான். நான் மா நிறுத்த தராசையும் கண்டவ, என்ர பயத்தையும் கண்டவ. மில்லில இப்பிடி ஒரு கதை ஓடுது எண்டு தெரிஞ்ச உடனை, வெள்ளைக்காரரோட என்னெண்டாலும் விளையாடுங்கோ, எங்கட ஆக்களுக்குள்ள உது வேண்டாம் எண்டு சொன்னவ. எங்கட ஆக்கள் இந்தக் காட்டுக்குள்ள எங்கை இருக்கினம் எண்டு நான் சிரிச்சன்.

துவக்கு வாங்கி மூண்டாம் வருசக் கோடையில இவவின்ர ஒண்டுவிட்ட அக்காவின்ர மகன் ஸ்காபரோவில இருந்து வந்து ரெண்டு கிழமை நிண்டவன். துவக்கைக் கண்டான். மில்லில டேல் ஆக்களோட கதைச்சிருக்கிறான். போற அண்டைக்கு, சித்தப்பா துவக்கோட நில்லுங்கோ எண்டு வாசலில வைச்சு ஒரு படம் எடுத்தான். எடுத்ததை ஃபேஸ்புக்கில போட்டு, எங்கட சித்தப்பா ஒரு முன்னாள் போராளி எண்டு கீழ எழுதிவிட்டான். மனுசி அதைக் கண்டிட்டு, இப்பவே போன் எடுத்துக் கழட்டச் சொல்லுங்கோ எண்டு நிண்டா. ஆர் உதைப் பாக்கப் போகினம் எண்டு சொன்னன். சொல்லிப்போட்டு, ஒரு நாளைக்கு நாலு தரம் நானே போய்ப் பாத்தன், எத்தினை பேர் விரும்பியிருக்கினம் எண்டு. நூற்றி எழுபது பேர்.

அதில ஒராள் ரத்தினேஸ்வரி எண்ட ஒரு அம்மாவின்ர மகள்.

மகளின்ர பேர் குமாரி. ஐப்பசியில ஒரு நாள் போன் எடுத்தா. தாங்கள் பண்டத்தரிப்பு எண்டும், தன்ர தமையன் ஜெயரூபன் எண்பத்தஞ்சாம் ஆண்டு ரியூசனுக்கெண்டு சைக்கிளில போனவன் பேந்து வரேல்லை எண்டும், இயக்கத்துக்குப் போனதெண்டு மட்டும் தெரியும், வேற ஒரு தகவலும் இல்லையெண்டும் சொன்னா. அப்ப அவனுக்குப் பதினாறு வயசு. பண்டத்தரிப்பும் சித்தங்கேணியும் பக்கத்தில பக்கத்தில, வருசமும் ஒண்டு. அண்ணை, அம்மா உங்களை நேர காணவேணும் எண்டு நிக்கிறா, அடுத்த கிழமை வாறம் எண்டா. டிக்கெட்டும் எடுத்தாச்சாம்.

ஒரு கிழமை இருந்தது தம்பி எனக்கு. ஏழு நாள். போன் நம்பர் கையில இருக்கு. தங்கச்சி, ஆள் மாறிப்போச்சு, வராதேங்கோ எண்டு சொல்ல அரை நிமிசம் காணும். ஒவ்வொரு நாளும் போனைத் தூக்கினன், வைச்சன். போன் நல்லாயில்லை, நேர சொல்லிறதுதான் மரியாதை எண்டு எனக்கு நானே சொல்லிக்கொண்டன்.

ரொறன்ரோவில இருந்து பிறின்ஸ் ஜோர்ஜுக்குப் பிளேன். அங்கையிருந்து நாலு மணித்தியாலம் பஸ். மகளும் தாயும் வந்திச்சினம். தாய் எழுவத்து மூண்டு வயசு மனிசி. சீலைக்கு மேல தடிச்ச குளிர்ச்சட்டை, காலில கம்பளி மேஸ் போட்டு, அதுக்கு மேல செருப்பு. உள்ளுக்க வந்து இந்தக் கதிரையில, இப்ப நீங்கள் இருக்கிற இதிலதான் இருந்தவ. மனுசி சாப்பாடு வைச்சா. பிறகு சாப்பிடுவம் பிள்ளை எண்டிட்டு, கைப்பையைத் திறந்து ஒரு படத்தை எடுத்து நீட்டினா. பள்ளிக்கூட அடையாள அட்டைக்கு எடுத்த சின்னப் படம். எண்ணெய் வைச்சு வகிடெடுத்த தலை. ஒரு காது மற்றதிலும் பாக்கக் கொஞ்சம் வெளியால நிக்கும்.

நான் இல்லையெண்டு சொல்ல வாயைத் திறந்தன். கடவுள் சத்தியமாத் திறந்தன். அதுக்குள்ள அவ சொன்னா:

"எத்தினையோ பேரிட்டைக் கேட்டிட்டன் தம்பி. லண்டனில, சுவிஸில, ஊரில. எல்லாரும் இல்லையெண்டுதான் சொல்லிச்சினம். ஒருத்தர் ஓமெண்டு சொல்லாமலே நான் போய்ச் சேந்திடுவன் போல கிடக்கு."

நான் ஓமெண்டன்.

ஓம் அம்மா, கண்டனான் எண்டன். அதுக்குப் பிறகு என்ர வாய் தன்ரபாட்டில போனது. மன்னார்ப் பக்கம் காட்டில ஒரு முகாம் எண்டன். மழைக்காலம், மலேரியா எண்டன். மூண்டு நாள் காய்ச்சல் எண்டும், நான்தான் பக்கத்தில இருந்து தண்ணி பருக்கினனான் எண்டும் சொன்னன். நோகேல்லை, நித்திரையிலேயே போனவன் எண்டன். ஒரு பாலை மரத்துக்குக் கீழ கிடங்கு வெட்டித் தாட்டம் எண்டன். பாலை மரம் எப்பிடி வந்ததெண்டு எனக்கே தெரியாது. அந்தக் காட்டுக்கு நான் வாழ்க்கையில போனதில்லை.

மனுசி குசினி வாசலில நிண்டவ. நான் சொல்லத் துவங்க உள்ளுக்க போய் பைப்பைத் திறந்து விட்டிட்டா. தண்ணி ஓடிக்கொண்டே இருந்தது. கடைசி மட்டும் பூட்டேல்லை.

அந்த அம்மா அழேல்லை. கிடங்கு வெட்டினது ஆரெண்டு கேட்டா. நானும் இன்னும் ரெண்டு பேரும் எண்டன். "இந்தக் கையாலயோ மகன்" எண்டு என்ர ரெண்டு கையையும் பிடிச்சுத் தன்ர கண்ணில ஒத்திக்கொண்டா. தம்பி எண்டு வந்தவ, அந்த இடத்தில என்னை மகனெண்டு கூப்பிடத் துவங்கினவ. பேந்து மேசைக்கு வந்து, மூண்டு தரம் சோறு போட்டுச் சாப்பிட்டா. அம்மா இவ்வளவு சாப்பிட்டு நான் கண்டதில்லை எண்டு குமாரி மனுசியிட்டை மெதுவாச் சொன்னவவாம்.

நல்லதுதானே செய்தன் எண்டு நினைச்சன். இப்பவும் சில நேரம் அப்பிடித்தான் நினைக்கிறன். என்னவோ.

மாசி மாசம் ரொறன்ரோவில அவனுக்கு அந்தியேட்டிக் கிரியை செய்திச்சினம். இருபத்தெட்டு வருசம் பிந்தின அந்தியேட்டி. நான் வரவேணும் எண்டு அந்த அம்மா நிண்டா. போனன். அந்தச் சின்னப் படத்தைப் பெருப்பிச்சு, சட்டம் போட்டு, மாலை போட்டு, விளக்குக் கொழுத்தி வைச்சிருந்தினம். மண்டபம் நிறையச் சனம். என்னை முன் வரிசையில இருத்திச்சினம். நான் நடந்து வரேக்கை கதைச்சுக்கொண்டிருந்தவை வாயை மூடிச்சினம். அந்த மரியாதை, மில்லில கிடைச்ச மாதிரி இருக்கேல்லை. முள்ளுக் கதிரையில இருந்த மாதிரி.

அண்டைக்குக் குமாரி என்னட்டை ஒண்டு சொன்னா. தாய் இருபது வருசத்துக்கு மேல ஒரே மாடிக்கட்டிடத்தில, ஒரே வீட்டில இருக்கிறாவாம். லிஃப்ட் பழுது, குளிருக்கு ஹீற்றர் சரியில்லை, மகளும் பேரப்பிள்ளையளும் இஞ்ச ஒன்ராறியோவில இருக்கிற லண்டனில வீடு வாங்கி இருக்கினம், ரெண்டு மணித்தியால ஓட்டம். எவ்வளவு கெஞ்சியும் போகேல்லையாம். ஏனெண்டால் காணாமல் போனவையைத் தேடுற ஆக்களிட்டை எல்லாம் அந்த விலாசத்தைத்தான் எழுதிக் குடுத்தவவாம். மகனைப் பற்றி ஒரு கடிதம் வந்தால் அங்கைதான் வரும். அந்தியேட்டி முடிய, சரி, இனி வாறன் எண்டிட்டாவாம். "அம்மாவை அந்த வீட்டில இருந்து எடுத்துத் தந்தது நீங்கள்தான் அண்ணை" எண்டு குமாரி அழுதா.

அதுக்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் அந்த அம்மாவின்ர போன் வரும். மகன், அவன் என்ன சாப்பிட்டவன்? தலைமயிர் வெட்டினது ஆர்? தங்கச்சியைப் பற்றிக் கதைக்கிறவனோ? நான் சொல்லுவன். அவன் பாடுவான் எண்டு சொன்னன். அவன் சின்னனில பாடுறேல்லையே, அங்கை போய்ப் பழகியிருக்கிறான் எண்டு அவ்வளவு சந்தோசம். அடுத்த கிழமை என்ன பாட்டெண்டு கேட்டா. இப்பிடி ஒண்டரை வருசம். மிளகாய்த்தூள் இடிச்சு, பருத்தித்துறை வடை சுட்டு, பார்சலில அனுப்புவா. அந்த வடையை நான் பிரிச்சும் பாக்கிறேல்லை. மனுசி தொடவே மாட்டா. மில்லுக்குக் கொண்டுபோய் வைப்பன், டேலும் ஆக்களும் திண்டு முடிப்பினம்.

கடைசியில எனக்கு ஏலாமல் போட்டுது. உண்மையைச் சொல்லப்போறன் எண்டு மனுசியிட்டைச் சொன்னன். இவ உலையில அரிசி போட்டுக்கொண்டு நிண்டவ. அப்பிடியே திரும்பினா.

"உங்கட பாரத்தை இறக்கிவைக்க உங்களுக்கு அந்த மனிசியின்ர தலையோ கிடைச்சது?"

பொம்பிளையளுக்கு உண்மையின்ர பெறுமதி தெரியாது எண்டு நினைச்சன். சொல்லேல்லை, நினைச்சன். உண்மை சொன்னால் புண்ணியம் எண்டுதானே படிப்பிச்சவை. டிக்கெட் எடுத்துக் குமாரி வீட்டுக்குப் போனன்.

மகளும் மருமகனும் வேலைக்கு, பிள்ளையள் பள்ளிக்கூடம். பகல் பத்து மணி. அந்த அம்மா குசினியில வெண்டிக்காய் வெட்டிக்கொண்டு இருந்தா. என்னைக் கண்டதும் அவவுக்கு முகமெல்லாம் சிரிப்பு. நான் நிண்டபடியே சொன்னன். நான் இயக்கத்தில இருக்கேல்லை, உங்கட மகனைக் கண்டதில்லை, எல்லாம் பொய். கத்தி நிண்டது.

"முழுக்கவோ?" எண்டு கேட்டா.

ஓம் அம்மா எண்டன்.

"தண்ணி குடுத்ததும்?"

ஓம் அம்மா.

பேந்து மிச்ச வெண்டிக்காயையும் வெட்டினா. பால்க்கறி வைச்சா. சோறு போட்டு, இருந்து சாப்பிடு எண்டா. நான் சாப்பிட்டன். ஏசேல்லை. சோறு போட்டவ மன்னிச்சிட்டா எண்டு எடுத்துக்கொண்டன். திரும்பி வரேக்கை பிளேனில நல்ல நித்திரை. ஒண்டரை வருசத்துக்குப் பிறகு அப்பிடி ஒரு நித்திரை. வெக்கத்தை விட்டுச் சொல்லிறன் தம்பி, அந்த ரெண்டு கிழமையும் நான் பாட்டுப் பாடிக்கொண்டு திரிஞ்சனான்.

ரெண்டு கிழமைக்குப் பிறகு குமாரி எடுத்தா. கத்தேல்லை. கத்தியிருந்தால் நல்லம். அம்மா படத்தில இருந்த மாலையைக் கழட்டிப் போட்டாவாம். விளக்கை நூத்திட்டாவாம். உயிரோட இருக்கிற பிள்ளைக்கு மாலை போடுறதோ எண்டு கேட்டாவாம். பேந்து ஒரு சூட்கேசைக் கட்டிக்கொண்டு திரும்ப அந்தப் பழைய மாடிக்கட்டிடத்துக்குப் போட்டாவாம். பழைய வீட்டில வேற ஆக்கள் குடியிருக்கினம். அந்தத் தட்டிலேயே ஒரு குடும்பத்தோட ஒரு அறை வாடைக்கு எடுத்து இருக்கிறா. தனிய. எழுவத்தஞ்சு வயசில. பேரப்பிள்ளையள் அம்மம்மா எங்கை எண்டு கேக்குதுகளாம்.

"பொய்யெண்டால் பொய்யோடயே இருந்திருக்கலாமே அண்ணை. எங்களுக்கு அது காணுமாயிருந்தது."

இதைச் சொல்லிப்போட்டுக் குமாரி போனை வைச்சிட்டா. பிறகு எடுக்கேல்லை. நான் எடுத்தாலும் தூக்கிறேல்லை.

மனுசி சொல்ல வேண்டியதை முதலே சொல்லிப்போட்டாவே.

அந்தக் கிழமை வேட்டை துவங்குது. டேல் வந்து கூப்பிட்டார். எனக்கு என்ன பிடிச்சதோ தெரியாது, அவருக்கும் சொல்லிவிடுவம் எண்டு, அந்த வாசலில வைச்சு எல்லாத்தையும் சொன்னன். நான் சண்டை பிடிக்கேல்லை, துவக்கு தொட்டதே இஞ்ச வந்துதான் எண்டு. டேல் தாடியைச் சொறிஞ்சார். அது எங்களுக்கு அந்தக் கல்லுக்கிடங்கிலேயே தெரியும் நேதன் எண்டார். நான் விசையை அமத்திறதுக்கு முதல் ரெண்டு கண்ணையும் இறுக்கி மூடினனானாம். ஒரு தரமில்லை, பத்துத் தரமும். பிறகு ஏன் ஒருத்தரும் சொல்லேல்லை எண்டு கேட்டன். நீ அப்பத்தான் எங்களோட இருந்து சாப்பிடத் துவங்கினனி, அதைக் கெடுப்பானேன் எண்டு விட்டிட்டம் எண்டார்.

விளங்குதோ தம்பி? ஆர் என்னை மதிக்க வேணும் எண்டு இந்த வேசம் போட்டனோ, அவையள் ஒரு நாளும் நம்பேல்லை. நம்பி, பிளேனும் பஸ்ஸும் ஏறித் தேடி வந்தது அந்தத் தாய் ஒருத்திதான்.

அதுக்குப் பிறகு இந்தத் துவக்கை நான் எடுக்கேல்லை. பூட்டின பெட்டியில கிடந்தது. இந்த வருசம் விளம்பரம் போட்டன். உங்களுக்கு முதல் மூண்டு பேர் வந்து பாத்தவை. மூண்டு பேரும் நல்ல சாமான் எண்டுதான் சொன்னவை. இதே கதையை அவைக்கும் சொன்னனான், ஒளிக்காமல், நீங்கள் இருக்கிற கதிரையிலதான் இருத்தி. ஏனோ தெரியேல்லை, ஒருத்தரும் பேந்து போன் எடுக்கேல்லை. ஆரைக் கண்டாலும் சொல்லிக்கொண்டு இருந்தால் எப்பிடி விக்கும் எண்டு மனுசி கேக்கிறா. சொல்லாமல் விக்கிறது சரியில்லை எல்லே. நீங்கள் என்ன சொல்லிறியள்?

மிச்சம் கொஞ்சந்தான். முடிச்சிடுறன்.

குமாரி வைச்ச பிறகு, அந்த அம்மாவின்ர புது நம்பரை மனுசி எங்கையோ தேடி எடுத்துத் தந்தா. ஏச்சுக் கேட்டுக்கொண்டாவது, திரும்ப மகளிட்டைப் போங்கோ அம்மா எண்டு சொல்லுவம் எண்டு எடுத்தன். தூக்கினா. நான் பேர் சொன்னன். அந்தக் குரலை நீங்கள் கேட்டிருக்க வேணும் தம்பி. பத்து வயசு குறைஞ்ச மாதிரிக் குரல். அவ என்னை ஏசேல்லை.

"நீ வந்து சொன்னது நல்லதாப் போச்சு மகன். இல்லாட்டி அவன் வரேக்கை நான் இஞ்ச இல்லாமல் போயிருப்பன்."

அம்மா, குளிர் வருது, அங்கை ஹீற்றரும் சரியில்லையாம் எண்டன். அதை விடு எண்டா. பேந்து குரலைத் தாழ்த்தி, பக்கத்தில ஆரும் கேட்டிடக்கூடாது எண்ட மாதிரி, ஒண்டு கேட்டா.

"அப்ப அவன் செத்ததை ஒருத்தரும் காணேல்லை. அப்பிடித்தானே மகன்? இருக்கலாம்தானே?"

முப்பது வருசம் தம்பி. பதினாறு வயசுப் பெடியன். உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். மனுசி எனக்கு முன்னால நிண்டு என்ர வாயையே பாத்துக்கொண்டு நிக்கிறா. இல்லையெண்டு சொன்னால் அதுவும் எனக்குத் தெரியாத விசயம். ஓமெண்டு சொன்னால்...

இருக்கலாம் அம்மா எண்டன்.

அது பொய்யோ மெய்யோ எண்டு இண்டைக்கு வரைக்கும் எனக்குத் தெரியேல்லை. மனுசி மட்டும், அந்தப் பாலை மரக் கதைக்குப் பிறகு அண்டைக்குத்தான் முதல் தரம், வந்து பக்கத்தில இருந்தா.

அந்த அம்மா ஒவ்வொரு நாளும் கீழ இறங்கிப் போய், பழைய வீட்டின்ர தபால்பெட்டியை அந்த வீட்டு ஆக்களிட்டைக் கேட்டுத் திறந்து பாக்கிறாவாம். அந்த லிஃப்ட் பாதி நாள் ஓடாது, ஆறு மாடி. தபால்காரன் ரெண்டு மணிக்கு வருவானாம். எங்களுக்கும் ரொறன்ரோவுக்கும் மூண்டு மணித்தியால வித்தியாசம். இப்ப இஞ்ச பதினொண்டு ஆகப்போகுது பாருங்கோ. இப்பத்தான் கைப்பிடியைப் பிடிச்சுக்கொண்டு, ஒவ்வொரு படியா இறங்கிக்கொண்டு இருப்பா.